இன்னும் போகல, ஃபாதர்

பழைய வீட்டில் முதலில் கெடுவது கூரை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கூரை இல்லை, சாக்கடை. கூரை ஒழுகினால் சீமாட்டியின் தலையில் சொட்டும், உடனே ஆள் வருவான். சாக்கடை அடைத்தால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்ப்பார்கள். ஹார்க்வுட் மாளிகையில் என் வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பார்வையில்தான் போனது.

சார்ஜென்ட் ஐயா, நீ சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். நரை விழுந்த பிறகு எழுத்துக் கற்றவன், எழுத இடம் கிடைத்தால் விடமாட்டான். கற்றுக்கொடுத்தது எங்கள் சமையற்காரி டில்லிஸ் பெடோஸ். பழக்கூழ் பாட்டில்களில் ஒட்டும் சீட்டுதான் என் பாடப்புத்தகம். 'பிளம்', 'ஆப்பிள்' எல்லாம் பிழையில்லாமல் வரும். 'கொலை' என்ற சொல்லை நேற்று உங்கள் காகிதத்தில்தான் முதல்முறையாக எழுத்தில் பார்த்தேன். எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வீட்டின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். அது தெரியாமல் இது விளங்காது.

முதல் மாலிங் துரை ஒரு கணக்குப்பிள்ளை. ராஜா கத்தோலிக்க மடங்களை இழுத்து மூடியபோது, பக்கத்து மடத்தை மூடப் போனவர் இவர்தான். மூடினார். பிறகு அதன் கற்களை வண்டி வண்டியாக ஏற்றி வந்து இந்த வீட்டைக் கட்டிக்கொண்டார். அவருடைய பேரனுக்கு மனசாட்சி உறுத்தியதாம்; பழைய கத்தோலிக்க வேதத்துக்கே திரும்பிவிட்டார். கற்களைத் திரும்பக் கொடுக்கவில்லை. அடுத்து ஒருவர் சீட்டாட்டத்தில் வடக்குக் கட்டின் ஈயக் கூரையைத் தோற்றார். இன்னொருவர் சர்க்கரை வியாபாரி மகளைக் கட்டி, அந்தப் பணத்தில் ஜன்னல் வைத்தார். நடுவில் ஒரு மகாராணி ஓர் இரவு தங்கினாராம். எங்கள் மாவட்டத்தில் அந்த அம்மாள் படுத்துறங்காத பெரிய வீடு கிடையாது. இவ்வளவு தூங்கியவர் நாட்டை எந்த நேரத்தில் ஆண்டாரோ.

அவ்வளவுதான் வரலாறு. போருக்குப் பிறகு ஹ்யூபர்ட் துரை இறந்து, சொத்துக்குச் சாவு வரி வந்து, அவர் மனைவி, எங்கள் சீமாட்டி லேடி உர்சுலா வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்தபோது இருந்த சரக்கு இதுதான். ஞாயிறுதோறும் அவரே கூட்டத்தை அழைத்துப்போவார். கணவரின் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைப்பார். ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தேநீருக்கு டில்லிஸ் ஸ்கோன் ரொட்டி சுடும் வாசனை கீழேயிருந்து வரும்.

ஒரு ஞாயிறு அவருக்குச் சளி. "பார்டோ, கைகால் கழுவிட்டு ஒரு நல்ல கோட்டு மாட்டிக்கோ. நீ ஒண்ணும் பேச வேணாம். கதவைத் திற, மூடு, அது போதும்" என்றார்.

நானும் பேசாமல்தான் போனேன். மாடிக் கூடத்தில் கணப்படுப்பு பக்கத்தில் ஓக் பலகைச் சுவர் இருக்கிறதே, நீங்கள் உடைத்துவிட்டீர்கள், அதில் பழங்கள் செதுக்கியிருக்கும். அதில் ஒரு பேரிக்காய் மட்டும் தனி. அது ஒரு மர முளை. உருவினால் பலகை திறக்கும். உள்ளே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கல் அறை, உட்கார ஒரு கல் திட்டு. கத்தோலிக்கப் பாதிரிகளைத் தேடித் தேடித் தூக்கில் போட்ட காலத்தில் அவர்களை ஒளித்துவைத்த பொந்து என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். திறந்து காட்டினேன். பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள யாராச்சும் செத்திருக்காங்களாய்யா?"

எனக்கு முதுகு வலி. இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். "ஆமாம்மா" என்றேன்.

"அடப் பாவமே! யாரு?"

எங்கள் பண்ணையில் அப்போது ஆம்ப்ரோஸ் என்று ஒரு காளை இருந்தது. நல்ல பொறுமைசாலி. "ஃபாதர் ஆம்ப்ரோஸ்" என்றேன்.

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ஐயா, அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. உங்களுக்கு சீருடை இருக்கிறது, நீங்கள் வாய் திறந்தால் ஜனங்கள் கேட்பார்கள். அந்த வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் கேட்ட ஒரே கேள்வி 'அடைப்பு எடுத்தாச்சா' என்பது. அன்றைக்கு ஒரு மருத்துவர், ஒரு வாத்தியார், முத்து மாலை போட்ட அம்மாக்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். நான் மேலே சொன்னேன். சிப்பாய்கள் வந்து இந்தக் கூடத்திலேயே முகாம் போட்டார்கள், ஆடு வறுத்துத் தின்றார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஃபாதர் வாசனையை மட்டும் குடித்துக்கொண்டு பட்டினி கிடந்தார், வேதத்தை விடவில்லை, உயிரை விட்டார். பச்சைத் தொப்பி அம்மாள் அழுதார். கீழே போய் ரெண்டு ஸ்கோன் அதிகமாகச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு கூட்டம் இரட்டிப்பானது. லேடி உர்சுலா என்னைக் கூப்பிட்டு, "பார்டோ, எங்க குடும்பத்துல எனக்கே தெரியாத கதை உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "வேலைக்காரங்க பக்கம் வழிவழியா சொல்லிட்டு வர்றதும்மா" என்றேன். அவர் கண் கலங்கியது. அதோடு அது உண்மையாகிவிட்டது.

விளையாட்டு பிறகு தானாக வந்தது. பார்வையாளரில் ஒருவரை உள்ளே நிறுத்திப் பலகையை மூடி முளையைச் செருகிவிடுவேன். அவர் மூன்று முறை தட்ட வேண்டும். 'சிப்பாய்கள் போய்விட்டார்களா' என்று பொருள். வெளியே இருக்கும் கூட்டம் சேர்ந்து கத்த வேண்டும்: "இன்னும் போகல, ஃபாதர்!" மறுபடி தட்டுவார். மறுபடி கத்துவார்கள். மூன்றாவது தடவை நான் முளையை உருவுவேன். சிரிப்பும் கைதட்டுமாக வெளியே வருவார். அந்தக் கல் சுவரில் பேச்சு வெளியே வராது, முனகல் மாதிரிதான் கேட்கும். தட்டுவது மட்டும் வீடு முழுக்கக் கேட்கும். டில்லிஸ் மாவு பிசைந்துகொண்டே கீழேயிருந்து கத்துவாள், அவளுக்கு மட்டும் நான் பார்டோ இல்லை, ஈனாக்: "இன்னும் போகல, ஃபாதர்! ஈனாக்கு, அந்த ஆளை சீக்கிரம் வெளிய விடு, ரொட்டி ஆறுது!" வழக்கம் என்றால் இப்படித்தான் வருகிறது. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

பக்தியும் வந்தது. கல் திட்டை முத்தமிட்டார்கள். தூசியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனார்கள். மகனைச் சுரங்கத்தில் பறிகொடுத்த ஓர் அம்மா வருஷா வருஷம் வந்து அந்தத் திட்டில் தலை வைப்பார்; அன்று இரவு மட்டும் நன்றாகத் தூங்குகிறேன் என்பார். செப்டம்பரில் பிஷப் வந்து ஆசீர்வதிக்க ஏற்பாடாகியிருந்தது. நானும் புதுக் கோட்டு ஒன்று வாங்கினேன்.

இந்த நேரத்தில் டாக்டர் ஃப்ரெய்ன் வந்தார். மருந்து டாக்டர் இல்லை, வரலாற்று டாக்டர். பிஷப் வருவதற்குள் வீட்டைப் பற்றி ஒரு முறையான புத்தகம் வேண்டும் என்று சீமாட்டிதான் வரவழைத்தார். நல்ல மனிதர், ஐயா. அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். என்னை 'மிஸ்டர் பார்டோ' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். பொந்துக்குள் நாள் முழுக்க டார்ச் விளக்கோடு கிடந்தார். திட்டுக்கடியிலிருந்து கொஞ்சம் மண் சுரண்டி, சல்லடையில் அலசி, ஒரு சாசரில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை, தேநீர் நேரம்.

"மிஸ்டர் பார்டோ, இது என்ன சொல்லுங்க பாக்கலாம்."

பொடிப் பொடி விதைகள். "ராஸ்பெரி விதை" என்றாள் டில்லிஸ், எட்டிப் பார்த்து. "அத்திப்பழ விதையும் இருக்கு. எங்க கிடைச்சுது?"

"உங்க ஃபாதரோட அறையில. நிறைய. நூறு வருஷத்துக்கு மேல சேர்ந்தது."

"பழமா தின்னுருக்காரு பாவம். அப்புறம் எதுக்குப் பட்டினின்னு சொல்றே, ஈனாக்கு?"

டாக்டர் சிரித்தார். "விதை உள்ள போன வழியில்ல அம்மா, வெளிய வந்த வழி. அது பாதிரியார் ஒளிஞ்ச இடமே இல்ல. பழைய கக்கூஸ். அந்தக் கல் திட்டுல ஓட்டை இருந்திருக்கு, பின்னாடி யாரோ பலகைக்கல் போட்டு மூடியிருக்காங்க. நேரா கீழ அகழி வரைக்கும் குழி போகும்."

டில்லிஸ் சாசரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், கையை ஏப்ரனில் துடைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யய்யோ, ஈனாக்கு! பிஷப்பு மண்டியிட்டு முத்தம் கொடுக்கப் போறாரே! முன்ன வந்த அந்தப் பெரிய பாதிரியாரு தூசிய வேற நாக்குல வெச்சாரே!"

நானும் சிரித்தேன். மரியாதைக்கு.

"புத்தகத்துல இதைப் போடுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

"போடாம? இதுதான் இந்த வீட்டுலயே சுவாரஸ்யமான விஷயம்."

"மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா வர்றாங்க சார். அந்தக் கல்லுல தலை வெச்சுத்தான் அவங்களுக்குத் தூக்கம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். "கஷ்டந்தான், மிஸ்டர் பார்டோ. ஆனா பொய்யில தூங்குறதை விட உண்மையில முழிச்சிருக்கறது நல்லது, இல்லையா?"

முழித்திருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது என்று அப்போது நினைத்தேன்.

சாயங்காலம் சீமாட்டி கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் அவரிடமும் சொல்லிவிட்டிருந்தார். "பார்டோ, இந்த வார இறுதியோட சுத்திக் காட்டுறதை நிறுத்திக்கலாம். திங்கக்கிழமை அரசு விடுமுறை, நாளைலேர்ந்து மூணு நாளும் கூட்டம் வரும், அதுவரைக்கும் நடத்து. பிஷப்புக்கு நான் எழுதிடுறேன். நீ பழையபடி சாக்கடை வேலையைப் பாரு."

பழையபடி என்ற சொல்லை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை டாக்டர் பேருந்துக்குக் கிளம்ப வேண்டியது. பெட்டியைக் கட்டிக் கீழே வைத்துவிட்டு, "கடைசியா ஒரு அளவு மட்டும் எடுத்துக்கறேன்" என்று மாடிக்கு வந்தார். தானாகத்தான் உள்ளே போனார். நான் தள்ளவில்லை. குனிந்து திட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் பலகை ஆடியது. நான் பிடித்து மூடினேன். மூடினால் முளையைச் செருகுவது என் கைப்பழக்கம். செருகினேன். அதற்கு மேல் நான் ஒன்றுமே செய்யவில்லை, ஐயா. ஒன்றும் செய்யாத ஒருவனைப் பற்றி இவ்வளவு பெரிய சொல்லை எழுதுவது சரியா என்பதுதான் என் சந்தேகம்.

படித்தவர்களுக்கு விதிமுறை மேல் மரியாதை உண்டு. முதலில் அவர் மூன்று முறைதான் தட்டினார். நிதானமாக. விளையாட்டு என்று நினைத்திருப்பார். படிக்கட்டில் துணி மடித்துக்கொண்டு போன டில்லிஸ், தலையைக்கூடத் திருப்பாமல், "இன்னும் போகல, ஃபாதர்!" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவர் தட்டியபோது திறந்திருக்கலாம். வழக்கமும் அதுதான். ஆனால் அதற்குள் முதல் கூட்டம் வந்துவிட்டது.

சீமாட்டி கேட்டதற்கு, டாக்டர் முன்னதாகவே பேருந்துக்குப் போய்விட்டார் என்றேன். அவர் பெட்டியைத் தோட்டக் கொட்டகையில், மழை படாத மூலையில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கும்.

அன்றைய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் வாய் திறக்கும் முன்பே சுவர் தட்டியது. மூன்று மூன்றாக இல்லை, கணக்கில்லாமல், இரண்டு கையாலும். உள்ளேயிருந்து அடித்தொண்டையில் முனகல் வேறு. குழந்தைகள் அம்மாக்களின் பாவாடையைப் பிடித்துக்கொண்டார்கள். "பிரமாதமா ஏற்பாடு பண்ணியிருக்காங்க" என்றார் ஒருவர். நான் கையைத் தூக்கியதும் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். "இன்னும் போகல, ஃபாதர்!" தட்டல் ஒரு நிமிடம் நின்றது. பிறகு இன்னும் பலமாக வந்தது. கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஒருவர்கூட 'திறந்து பார்க்கலாமா' என்று கேட்கவில்லை. இத்தனை பேரும் வேண்டாம் என்ற ஒன்றை நான் ஒருவன் எப்படிச் செய்வது?

ஞாயிறு கூட்டம் போன பிறகு லேடி உர்சுலா மாடிக்கு வந்தார். பார்வையாளர் யாரும் இல்லை. நாங்கள் இருவர்தான். சுவர் மெதுவாகத் தட்டியது.

"பார்டோ, உனக்குக் கேக்குதா?"

"கேக்குதும்மா."

அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் மண்டியிட்டார். அந்த வயதில் மண்டியிடுவது சுலபமில்லை. "நாங்க அவரை அவமானப்படுத்திட்டோம். கக்கூஸ்னு வாயால சொல்லிட்டோம். அதான் கோபம். மன்னிச்சுட்டாரா, பார்டோ?"

"இன்னும் இல்லம்மா" என்றேன். வேறென்ன சொல்வது.

எழுந்தபோது அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. அந்தப் புத்தகம் வேண்டாம், டாக்டருக்கு அப்படியே எழுதிவிடுகிறேன், பிஷப் வரட்டும், நீயே சுற்றிக் காட்டு என்றார். ஆக ஞாயிறு மாலையே எல்லாம் சரியாகிவிட்டது. அப்போது திறந்திருந்தால் என்ன என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் முளையில் கை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். ஆனால் டாக்டர் அந்த நேரத்தில் நல்ல மனநிலையில் இருந்திருக்கமாட்டார். கோபத்தில் இருக்கும் மனிதரிடம் எதையும் விளக்க முடியாது. மேலும் மறுநாள் விடுமுறை, வருஷத்திலேயே பெரிய கூட்டம். விடுமுறை முடியட்டும் என்று விட்டேன்.

திங்கட்கிழமை தட்டல் மெல்லியதாகிவிட்டது. கூடம் நிறைய ஜனம், படிக்கட்டு வரைக்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். அவ்வளவு அமைதியில் நான் அதுவரை கதை சொன்னதே இல்லை. ஆடு வறுத்த இடத்துக்கு நான் வந்தபோது தட்டல் நின்றுவிட்டது. ஒரு சிறுமி, "அவ்ளோதானா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, குதிகாலால் பலகையை மூன்று முறை தட்டினேன். "இன்னும் போகல, ஃபாதர்!" என்று வீடே அதிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை திறந்தேன். உள்ளே அவர் இல்லை. பலகைக்கல்லை எப்படியோ நகர்த்தியிருந்தார். விரல் தடமெல்லாம் இருந்தது. குழிக்குள் இறங்கியிருக்கிறார். படித்த மனிதர், தான் எழுதியதை நம்பினார். கக்கூஸ் என்றால் குழி அகழிக்குப் போக வேண்டும், அங்கே ஒரு வாய் இருக்க வேண்டும், அதன் வழியாக வெளிச்சத்துக்கு வந்துவிடலாம். அவர் கணக்கு முழுக்க முழுக்கச் சரி. "டாக்டர் சார்" என்று ஒரு தடவை குனிந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. கல்லைப் பழையபடி வைத்தேன்.

இதைக் கண்டுபிடித்தது நீங்கள் இல்லை, ஐயா, டில்லிஸ். மன்னிக்கவும். வெயில் ஏற ஏற வாசனை வந்தது. பார்வையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள், பழைய வீடு என்றால் இப்படித்தான் என்றார்கள். டில்லிஸ்தான், "ஈனாக்கு, சாக்கடை அடைச்சிருக்கு, போய்ப் பாரு" என்றாள்.

"இது சாக்கடை இல்ல டில்லிஸ்."

"பின்ன என்ன, பன்னீரா? போய்ப் பாருய்யா."

"நான் பாக்கமாட்டேன்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் அந்த வேலையை மாட்டேன் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. என்னை வெகுநேரம் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் பார்வை இல்லை அது. பிறகு மாடிப் பக்கம் பார்த்தாள். "அந்த டாக்டரு கிளம்பும்போது எங்கிட்ட சொல்லிக்காம போகமாட்டாரே, ஈனாக்கு. பிளம் கூழ் பாட்டில் ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உங்கள் நிலையத்துக்கு நடந்து வந்தாள். அவள் கத்திய மூன்று சொல்லை நினைத்து வழியெல்லாம் அழுதாள் என்று கேள்வி. அவளிடம் சொல்லுங்கள், அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

கடைசியாக ஒரு கேள்வி மீதி வைத்திருக்கிறீர்கள். அகழிப் பக்கம் இருந்த வாய் செங்கல் வைத்து அடைத்திருக்கிறதே, அது யார் வேலை என்று. சுத்தமான கட்டு, பூச்சு ஒரு கீறல் இல்லை, நீங்களே சொன்னீர்கள். நன்றி. நான்தான் கட்டினேன். ஹ்யூபர்ட் துரை இருந்தபோது, எலி ஏறுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்த பழைய மண்ணைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டிவிட்டு, மேலே திட்டில் பலகைக்கல்லும் போட்டு, கீழே வாயையும் அடைத்தேன். என்ன அள்ளுகிறோம் என்பது அள்ளுபவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பச்சைத் தொப்பி அம்மாள் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். டாக்டர் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தபோதும் தெரியும். முளையைச் செருகியபோதும், அவர் அந்தக் குழியில் இறங்கினால் கீழே என்ன இருக்கும் என்பது தெரியும். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

இப்போது அதைப் பொய் என்று யாரும் சொல்லவும் முடியாது. அங்கே ஒரு படித்த மனிதர் ஒளிந்திருந்தார், வெளியே சிரித்துத் தின்று குடித்தார்கள், அவர் தான் நம்பியதைக் கடைசிவரை விடவில்லை, பட்டினியில் உயிரை விட்டார். நான் வருஷக்கணக்காகச் சொன்னதில் பெயர் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இனிமேல் அந்த இடத்தைக் கக்கூஸ் என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது.

கூட்டம் ஞாயிறு மதியம் வந்துவிடும், ஐயா. இந்த முறை நிறையப் பேர் வருவார்கள். அதற்குள் என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்; அந்தப் புதுக் கோட்டு இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

ஈனாக் பார்டோ